ஆறாம் மேடைக்குப் போகும் வழி

அழைப்பில்லாத ஒரு கல்யாணத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, பெண்ணைப் பெற்றவரிடமே போய், "அடுத்தவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டவன் நான். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்போதே விழித்திருப்பேன். அடுத்து நடந்ததில் பாதி நடந்திருக்காது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை வேலை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம், ஒரு மின்விசிறி, ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை இதழ்களுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். முறையாக அழைக்கவில்லை என்று கல்யாண வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து ஒன்று எழுதினேன். பலர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அது அச்சாகி ஆறு மாதம் கழித்து என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. முறையாக அழைக்கவில்லை.

மகள் தாதி. சிங்கப்பூரில் மருத்துவமனை வேலை, வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில். அவள் விரும்பிய பையன் கத்தோலிக்கக் குடும்பம். அதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்பாடு எல்லாவற்றையும் அவர்கள் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். தேவாலயம், மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவான பிறகு அழைப்பிதழ் வந்தது, வாட்ஸ்அப்பில், குடும்பக் குழுவில். ரோஜா இதழ்கள் மேலேயிருந்து ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கும் அழைப்பிதழ். அறுபத்து மூன்று பேரில் நானும் ஒருவன். காஹாங்கிலிருக்கும் ஒன்றுவிட்ட மச்சான் எனக்கு முன்பே கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டான்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், வாசலில் அவள், "வந்துருங்கப்பா" என்று ஒரு வார்த்தை. காத்திருந்தேன். அவளோ, அப்பாவுக்கு எதற்கு அழைப்பு என்று இருந்திருக்கிறாள். "சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு யாராச்சும் கூப்பிடுவாங்களாப்பா?" என்று பிறகு கேட்டாள். பிறகு என்றால், எல்லாம் முடிந்த பிறகு. தேவாலயத்தில் அவளைக் கைப்பிடித்து நடத்திப் போனது தாய்மாமன். என் மனைவி இருந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. காதைப் பிடிக்க ஆளில்லாத ஒருவனை அவனுடைய கௌரவத்தோடு தனியாக விட்டு வைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் பேச்சு, "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", "மழையா அங்க", "இல்ல" என்ற அளவில் ஓடியது. அவள் ரெங்கம் வரவில்லை. நான் பெர்மாஸ் ஜெயா போகவில்லை. இடையில் ஒன்றரை மணி நேரச் சாலை.

இந்த வருட நடுவில், வெயில் மண்டையைப் பிளக்கும் பள்ளி விடுமுறைக் காலத்தில், அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அப்பா, சனிக்கிழம டவுன் முழுக்க ரோட்டுல மியூசிக் போடுறாங்க. எல்லாமே ஃப்ரீ. வர்றீங்களா? எனக்கு நைட் ஷிப்ட். ரெண்டு மணியிலருந்து ஒரு மணி நேரம் வர முடியும்." செய்தியை மூன்று முறை பார்த்தேன். குழுவுக்கு அனுப்பியது இல்லை, எனக்கு மட்டும். மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் "பார்க்கலாம்" என்று பதில் போட்டேன். அந்த ஒரு மணி நேரமும் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே ஒரு பட்டுப்புடவை. அவள் கல்யாணத்துக்கென்று குளுவாங்கில் வாங்கி, பிறகு கோபத்தில் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் செருகி வைத்தது. மனத்தில் ஒரு வாக்கியம். அதை வழியெல்லாம் திருத்திக்கொண்டே போனேன். புறப்படும்போது அதில் மூன்று 'ஆனாலும்' இருந்தன, ஒரு 'நீயும்தான்' இருந்தது. லார்க்கின் பஸ் நிலையம் வருவதற்குள் எல்லாம் உதிர்ந்து, "வந்திருக்கணும்மா" என்ற ஒரே சொல் மிஞ்சியது. முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு சிக்கனமாக நான் எதையும் திருத்தியதில்லை.

நகரத்துக்குள் வந்தபோது மணி பன்னிரண்டு. பழைய கடைத்தெருவின் முனையில் விழாவின் வரைபடம் கொடுத்தார்கள். ஊர் முழுக்க ஒன்பது மேடை. வண்டிகளை நிறுத்திவிட்டு ரோட்டை ஆட்களுக்கு விட்டிருந்தார்கள். முதல் மேடையில் சீனப் பள்ளி மாணவர்கள் இருபத்து நான்கு பெரிய முரசுகளை ஒரே கையாக அடித்தார்கள். எதிர்க்கடைக் கண்ணாடி அதிர்ந்தது, என் கட்டிய பல்லும் அதிர்ந்தது. இரண்டாம் மேடையில் நம் பிள்ளைகளின் உறுமி மேளம். ஒரு குண்டுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு உறுமியைத் தேய்த்த தேய்ப்பில், பக்கத்தில் நின்ற சீனக் கிழவி ஒருத்தி தோளைக் குலுக்க ஆரம்பித்தாள். எனக்கும் குலுக்கத் தோன்றியது. ஆனால் தனியாக வந்தவன் குலுக்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள்.

தனியாக நிற்கும் நடுவயது ஆணுக்கு இந்த மாதிரி விழாக்களில் ஒரு பதவி காத்திருக்கிறது. அவன்தான் ஊர்ப் புகைப்படக்காரன். "அங்கிள், ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" முதல் ஒரு மணி நேரத்தில் ஆறு குடும்பங்களை எடுத்தேன். ஒரு மலாய்க் குடும்பத்தை இரண்டு தடவை, குழந்தை கண்ணை மூடிவிட்டதால். எல்லோரும் நன்றி சொன்னார்கள். உங்களை ஒன்று எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். செண்டோல் விற்றவர், "ஒண்ணா, ரெண்டா?" என்றார். "ஒண்ணு" என்றேன். அவர் என் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஐஸைத் துருவினார்.

மகளோடு சந்திப்பு ஆறாம் மேடையில். தாளில் 'ஜொகூர் கஸல், பிற்பகல் இரண்டு மணி' என்று போட்டிருந்தது. ஆர்மோனியம், தபேலா, வயலின் எல்லாம் வைத்து மலாய்க்காரர்கள் பாடும் இசை. அவளுடைய அம்மாவுக்குப் பிடிக்கும், வானொலியில் கேட்பாள். மகள் அதனால்தான் அந்த மேடையைச் சொன்னாளா என்று தெரியவில்லை. கேட்கத் துணிவில்லை.

மஞ்சள் சட்டைத் தொண்டர் ஒருவரிடம் வழி கேட்டேன். "நேராப் போங்க, சூராவ் தாண்டி இடப்பக்கம். பாட்டுச் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க" என்றார். சூராவ் என்கிற அந்தச் சின்னத் தொழுகைக் கூடம் வருவதற்கு முன்பே எனக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. இடப்பக்கம்தான். ஆர்மோனியம், தபேலா, வயலின். இவ்வளவு பொருத்தம் போதாதா ஒரு மனிதனுக்கு?

தெருவை அடைத்துப் பந்தல். ஊதாவும் மஞ்சளுமாகத் துணி, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, சுழலும் பெரிய விசிறிகள். முகப்பில் ஒரு வளைவு, அதில் பூ, பூவுக்கு நடுவே அலங்கார எழுத்தில் ஒரு ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும். இரட்டைப் பாடகர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பது வருடமாக மலாய்க் கல்யாணங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வருகிறவன். ஆனால் கையில் வரைபடம் இருந்தது. படித்தவனிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் அவன் கண்ணைத் திறந்து பார்க்க மாட்டான்.

வாசலில், பட்டுச் சரிகைத் துணியை இடுப்பில் கட்டிய ஒருவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "ஜெம்புட், ஜெம்புட்" என்றார். வாங்க, வாங்க. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மலாயில் பேசிக்கொண்டோம், நான் தமிழில் சொல்கிறேன்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"ரெங்கம்."

"ரெங்கமா! அவ்வளவு தூரத்திலிருந்தா!" அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை என் சொந்தக்காரர்கள் யாரிடமும் நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "ரெங்கத்திலிருந்து வந்திருக்காரு" என்றார். அவர் உள்ளே திரும்பி இன்னொருவரிடம் சொன்னார். செய்தி எனக்கு முன்னால் பந்தலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த மக்சிக் ஒருவர், நம் பேச்சில் அத்தை என்று வைத்துக்கொள்ளலாம், என் துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்கு இதெல்லாம், சிரமப்பட்டு" என்றார். வாங்கிப் பின்னால் இருந்த பெட்டிகளோடு வைத்தார். பாதுகாப்புச் சோதனை போலிருக்கிறது, பைகளை வெளியிலேயே வாங்கி வைக்கிறார்கள், நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். ரசீதுக்குப் பதிலாக, காகிதப் பூ செருகிய சின்னக் கூடையில் ஓர் அவித்த முட்டையைக் கொடுத்தார். அரசாங்கத்தின் படைப்பாற்றலை வியந்தேன்.

முன் வரிசையில் இடம் பிடித்தேன். பக்கத்து நாற்காலியில் வரைபடத்தை வைத்து மகளுக்கு இடம் போட்டேன். "ஆறாம் மேடைக்கு வந்துட்டேன். முன் வரிசை" என்று செய்தி அனுப்பினேன். பிறகு கைப்பேசியின் ஒலியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். கச்சேரியில் கைப்பேசி ஒலிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியவன், அணைக்காமல் இருக்க முடியுமா?

வாசலில் நின்றவர் என்னைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார். "முதல்ல சாப்பிடுங்க. பாட்டு எங்கேயும் போயிடாது." சாப்பாட்டு மேசையில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தி, "இது மாடு. நீங்க அந்தப் பக்கம் போங்க, கோழி இருக்கு" என்றார். ஓர் இலவச விழாவில் முகம் பார்த்துச் சோறு போடுகிறார்கள்! நெய்ச்சோறு, நம் சாம்பாருக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பருப்பு, அன்னாசிப் பச்சடி, தக்காளியில் சிவக்கச் சமைத்த கோழி. ஒரு தட்டு முடித்தேன். யாரோ இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கென்று யாராவது சோறு போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. இதை எழுதும்போது ஏதோ போல இருக்கிறது, அப்போது வெறும் பசியாகத்தான் தெரிந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த தொந்திக்காரர் ஒருவர், எலும்பைச் சுத்தமாக உறிஞ்சி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"ஒரே மகள்."

"கல்யாணம்?"

"ஆயிடுச்சு. ரெண்டு வருஷம்."

"ஓ, பெரிய கல்யாணமா?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "தேவாலயத்துல. நல்லாவே நடந்துச்சு" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் எழுத்தாளன் நிற்க மாட்டான். வெள்ளைப் பூ அலங்காரத்தைச் சொன்னேன். மழை வந்து குடைகள் விரிந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை மோதிரத்தைக் கீழே போட்டு, அது பெஞ்சுக்கு அடியில் உருண்டு, எல்லோரும் குனிந்து தேடியதைச் சொன்னேன். எல்லாம் குழுவில் வந்த படங்களிலிருந்தும் வீடியோக்களிலிருந்தும் எடுத்தது. ஒவ்வொன்றையும் நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

"அவங்க வழக்கத்துல அப்பாதானே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகணும்?"

"ஆமா."

"நீங்கதான் போனீங்களா?"

"ஆமா" என்றேன்.

"அழுதீங்களா? உண்மையைச் சொல்லுங்க. நான் என் மூணு பொண்ணுக்கும் அழுதேன். மூணாவது தடவை பொண்ணே திட்டிச்சு."

"கொஞ்சம்" என்றேன். அது ஒன்றுதான் உண்மை. இடம் மட்டும் வேறு: ரெங்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, ரோஜா இதழ் உதிரும் அந்த அழைப்பிதழைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் முன் வரிசைக்குத் திரும்பினேன். வரைபடம் நாற்காலியிலேயே இருந்தது. இரண்டு மணி ஆகிவிட்டிருந்தது. ஜாமில் மாட்டியிருப்பாள் என்று நினைத்தேன். ஜொகூர் பாருவில் யார் தாமதமானாலும் ஜாம்தான். அது கடவுள் நம்பிக்கை மாதிரி, யாரும் ஆதாரம் கேட்பதில்லை. கஸல் பாடகர் ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். வயலின்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரே சுரத்தில் வெகு நேரம் நின்று, பிறகு மனமில்லாமல் கீழே இறங்கினார். பெரிய விசிறியின் காற்று. வயிறு நிறைந்திருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான் ஒருவன் மட்டும் ஓங்கிக் கை தட்டினேன். மற்றவர்கள் சாப்பிடுவதில் இருந்தார்கள். ரசனை குறைந்த கூட்டம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த முக்கால் மணி நேரம் நான் என் மகளை மறந்திருந்தேன். அந்த நகரத்தில் எனக்கு ஓர் இடம் இருப்பது போல இருந்தது.

பாட்டு நின்றது. பாடகர்கள் சாப்பிடப் போனார்கள். அப்போதுதான் வாசலில் நின்ற சரிகைக்காரரிடம் போய், "அடுத்தவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இதோ, முச்சந்திக்கு வந்துட்டாங்க. ஜாம். ஒரு மணி நேரம் லேட்டு. என்ன செய்யறது" என்றார். அவர் குரலில் இருந்த பதற்றத்தை, பொறுப்புள்ள ஒரு விழா அமைப்பாளரின் பதற்றம் என்று மெச்சினேன்.

வந்துவிட்டார்கள். கொம்பாங் என்கிற தட்டைப் பறைகளை ஒரு கையில் பிடித்து மறு கையால் அடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் சரிகைக் குடை, குடைக்குக் கீழே பொன்னிற உடையில் ஓர் இளைஞன். பிரமாதமான நுழைவு! இதை மகளுக்கு அனுப்பியாக வேண்டும். படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பந்தலின் நட்ட நடுவில் போய் நின்றேன்.

"அங்கிள், கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்றார் ஒரு புகைப்படக்காரர், அசல் புகைப்படக்காரர். "மாப்பிள்ளை வர்றாரு."

திரும்பிப் பார்த்தேன். வீட்டு முகப்பில் பூவால் ஓர் ஆசனம். அதற்குப் பக்கத்தில், தலை குனிந்தபடி, பொன்னிற உடையில் ஒரு பெண். வளைவிலிருந்த இரண்டு பெயர்களும் அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தன.

கையிலிருந்த கைப்பேசித் திரையில் ஒன்பது தவறிய அழைப்புகள். கீழே செய்திகள்.

'அப்பா வந்துட்டேன்.'

'எங்க உக்காந்திருக்கீங்க? முன் வரிசைல காணோம்.'

'நீலக் குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.'

'அப்பா?'

'சரிப்பா. நான் போறேன். தூங்கணும்.'

கடைசிச் செய்தி வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அழைத்தேன். காரில் இருந்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க? பின்னாடி என்ன கொட்டுச் சத்தம்?"

"கல்யாணம்மா."

"யாரு கல்யாணம்?"

"தெரியல."

வண்டியின் சிக்னல் டிக் டிக்கென்று அடிப்பது கேட்டது. என் பக்கம் பன்னிரண்டு பறைகள்.

"மேடைன்னு நெனச்சு வந்துட்டேன். இங்கயும் கஸல்தான் பாடுனாங்க. நீ திரும்பி வர முடியுமா? நான் இப்பவே அங்க..."

"பாலத்துக்கு அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பணும்பா. ரெண்டு மணி நேரமாவது தூங்கணும்." சிக்னல் சத்தம் நின்றது. "முக்கால் மணி நேரம் நின்னேன். நீங்க மறுபடியும் வரலன்னு நெனச்சுட்டேன்."

அந்த 'மறுபடியும்' சரியான இடத்தில் இருந்தது. அதில் நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

"வந்திருக்கணும்மா" என்றேன்.

அப்போதுதான் கொம்பாங்காரர்கள் உச்சத்துக்குப் போனார்கள்.

"என்னது? கேக்கலப்பா."

"ஒண்ணுமில்ல. போய்த் தூங்கு."

வெளியே போகத் திரும்பினேன். பரிசுப் பெட்டிகளின் குவியலுக்கு மேல் என் துணிக்கடைப் பை இருந்தது. எல்லாம் பளபளக்கும் காகிதத்தில் சுற்றியிருக்க, அது ஒன்று மட்டும் குளுவாங் கடை விலாசத்தோடு. மேசையருகே போய் வாயைத் திறந்தேன். அந்த மக்சிக் எழுந்து, "அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா? அவ்வளவு தூரத்திலிருந்து வந்து!" என்றார். பையைத் திருப்பிக் கேட்பதற்கான வாக்கியம் எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை. "நல்லா இருக்கட்டும்" என்றேன். அதற்குள் பெண்ணின் தகப்பனாரான அந்தச் சரிகைக்காரர் வந்து என் முழங்கையைப் பிடித்து, ரெங்கத்திலிருந்து வந்தவர் படம் எடுத்துக்கொள்ளாமல் போவதாவது என்று ஆசனத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை நான் பெண் வீட்டுக்காரன் என்று நினைத்தான். பெண் நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்தாள். இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். நடுவே முட்டைக் கூடையோடு நான். அந்தப் படம் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் இருக்கும். என் மகள் வீட்டு ஆல்பத்தில் நான் இல்லை.

சூராவைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஆறாம் மேடை. இருநூறு அடி கூட இருக்காது. கஸல் குழு வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது. நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. நீலக் குடை எங்கும் இல்லை, இருக்காது என்று தெரிந்தும் பார்த்தேன். ஒரு பெண் தொண்டர் கருத்துப் படிவம் கொடுத்தாள். எந்த மேடை உங்களுக்கு மிகவும் பிடித்தது? ஆறு என்று எழுதினேன். எத்தனை பேரோடு வந்தீர்கள்? அதில் இரண்டு, மூன்று முதல் ஐந்து, ஐந்துக்கு மேல் என்று கட்டங்கள் இருந்தன. ஒன்றுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைத் தமிழ் அம்மாள் என் மடியிலிருந்த முட்டைக் கூடையைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்களாண்ணே?" என்றார்.

"ஆமாம்மா."

"சொந்தமா?"

"தெரிஞ்சவங்க."

"நல்லா நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு. மாப்பிள்ளைதான் கொஞ்சம் லேட்டு."

ஆயர் ஹீத்தாம் பக்கம் போகும் வண்டிகள் பிரியும் இடம் வந்தபோது கைப்பேசியை எடுத்தேன். கல்யாணச் செய்தியைக் கைப்பேசியில் அனுப்புவது மரியாதையா என்று இரண்டு வருடம் கொதித்தவன், இரண்டு கட்டைவிரலாலும் தட்டினேன்: 'உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும். தப்பு என்னோடது. கொட்டுச் சத்தத்துல உனக்குக் கேக்கல. உனக்கு வாங்கின புடவையை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன், தெரியாமத்தான்.' அனுப்பிவிட்டு, முட்டையை உரித்துச் சாப்பிட்டேன். உப்பு இல்லை.

செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள் அன்று மாலையே விழுந்தன. பதில் இல்லை.

மறுநாள் காலை அழைத்தாள். இரவு வேலை முடிந்து, பஸ்ஸில், பாலத்தின் மேல், ஜாமில்.

"மெசேஜ் பாத்தேன்" என்றாள்.

"ம்."

"என்ன கலருப்பா, அந்தப் புடவை?"

"கிளிப்பச்சை. அரக்கு பார்டர்."

"அலமாக்! நல்லவேளை."

அவளுக்குப் பச்சை பிடிக்காது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

"அங்க சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு தட்டு."

"என்ன போட்டாங்க?"

"நெய்ச்சோறு, பருப்பு. செவப்பா ஒரு கோழி வெச்சிருந்தாங்க. கோழி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

பாலத்தில் யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எங்களோடதுல இன்னும் நல்லா இருந்துச்சு" என்றாள்.